ஏழாம் நம்பர் டப்பா

சாயிமாக்கா தாராவியில நெட் கனெக்‌ஷன் குடுக்க ஆரம்பிச்ச மூணாவது மாசம் வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு முன்பல்லு ரெண்டும் போச்சு. அண்ணாச்சி கேரம் கிளப் நடத்துற ஆளு. எங்க கல்லியில, அதான் எங்க சந்துல, அவரை எதுத்துப் பேச ஒருத்தனும் கிடையாது. "எங்க கிளப்புக்குத்தான் நெட்டு முதல்ல வரணும், மிச்சம் இருந்தா மத்தவனுக்குக் குடு"ன்னு சொல்ல வந்தார். அக்கா முடியாதுன்னா. பளார்னு கன்னத்துல ஒண்ணு விட்டார். அக்கா கையில வயர் முனையை இறுக்குற இரும்புக் கிரிம்பர் இருந்துச்சு. அதை ஓங்கி அவர் வாயிலயே போட்டுட்டா. அவர் வாயைப் பொத்திக்கிட்டு நிக்காரு, விரல் சந்துல ரத்தம் வடியுது. இவ கிரிம்பரைத் துப்பட்டாவில துடைச்சுட்டு அடுத்த வயரை எடுத்து இறுக்குதா! நான் ஏணி மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

நான் மாரிக்கண்ணன். ஒம்பது வருசமா அக்காகூடத்தான் வேலை. ஏணி தூக்குறது, கூரை மேல நடந்து வயர் இழுக்குறது, ஓட்டையில கால் விட்டு அடுத்தவன் வீட்டுச் சோத்துப் பானையில விழுந்து ஏச்சு வாங்குறது, எல்லாம் நான்தான். இது அக்கா கதை. ஆனா இதுல ஒரு இடத்துல நான் நாசமாப் போனது வரும். அதையும் மறைக்காமச் சொல்லுதேன்.

அக்காவுக்குக் கடையநல்லூர்ப் பக்கம். பொறந்தது வளந்தது இங்கதான், ஊரை ரெண்டு தடவை பாத்திருப்பா. ஐடிஐ முடிச்சுட்டு வாஷியில ஒரு ஆபீஸ்ல ஆறு வருசம் நெட்வொர்க் வேலை. அங்க மேனேஜர் ஒருத்தன் இடுப்புல கை வச்சான். அவன் விரலைப் பின்னால மடக்கி ஒடிச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டு, அப்பவே ரயிலேறி வந்துட்டா. கல்யாணமும் ஒண்ணு நடந்துச்சு. ஏழு மாசம் அவன் பெல்ட்டால அடிச்சான். எட்டாவது மாசம் பெல்ட்டை இவ வாங்கிட்டா. அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

எங்க தொழில் இதுதான். கம்பெனிக்காரன்ட்ட இருந்து ஒரு பெரிய லைன் அக்கா ரூமுக்கு வரும். அங்க ஒரு சுவிட்ச் இருக்கு. லைட்டு போடுற சுவிட்ச் இல்ல, நெட்டைப் பிரிச்சு அனுப்புற பொட்டி. அதுல இருந்து கூரை கூரையா வயர் போய், பத்தொம்பது இடத்துல வைஃபை டப்பா தொங்கும். ஒவ்வொரு டப்பாவுக்கும் நம்பர். எந்தப் போன் எந்த டப்பாவைப் பிடிச்சிருக்குன்னு ரூம்ல உக்காந்தே பாக்கலாம்.

சுவிட்சுக்குள்ள அக்கா ரெண்டு பட்டியல் எழுதி வச்சிருந்தா. ஒண்ணு யாரை உள்ள விடணும்னு. ஒவ்வொரு போனுக்கும் செய்யும்போதே பன்னெண்டு எழுத்துல ஒரு அட்ரஸ் பதிச்சிருப்பான். அதை வாங்கி எழுதிக்கிட்டாத்தான் கனெக்‌ஷன். இப்ப வர்ற போனெல்லாம் அந்த அட்ரஸை மறைச்சுப் பொய் அட்ரஸ் காட்டும். அதை ஆஃப் பண்ணிட்டு வந்தாத்தான் எங்ககிட்ட எடுபடும். இன்னொரு பட்டியல், நெட்டு நெருக்கடியானா யாரை முன்னால விடணும்னு. "பேச்சு முதல்ல, பைசா ரெண்டாவது, பாடம் மூணாவது, படம் கடைசி"ன்னு அக்கா வாய்ப்பாடு மாதிரி சொல்லுவா. போன்ல பேசுறவன் பேச்சு அறுந்துரக் கூடாது. கடைக்காரனுக்குப் பைசா விழுந்த சத்தம் உடனே கேக்கணும். கிரிக்கெட் பாக்குறவன் நாலு செகண்டு காத்துக் கிடந்தா ஒண்ணும் செத்துர மாட்டான்.

எந்தப் பட்டியலா இருந்தாலும் சுவிட்ச் மேல இருந்து கீழதான் படிக்கும். முதல்ல எந்த வரி பொருந்துதோ அதோட நின்னுரும், கீழ எழுதுனதைத் திரும்பிக்கூடப் பாக்காது. இது புரியாம நான் ஒரு தடவை எல்லாரையும் அடைக்கிற வரியைத் தலைமாட்டுல எழுதி முழுக் கல்லியையும் இருட்டாக்கிட்டேன். எங்க ஆளுகளைப் பத்தித்தான் தெரியுமே. தண்ணி வரலேன்னா ஒரு நாள் பொறுப்பான், கரண்டு போனா விசிறிக்குவான். நெட்டு போனா ஒரு நிமிசம் தாங்காது. கையில கிடைச்சதைத் தூக்கிக்கிட்டு நேரா அக்கா வாசலுக்கு வந்துருவான். அன்னைக்கு என் சட்டையைக் கிழிச்சு, முதுகுல துடைப்பக்கட்டையால சாத்துனாங்க.

இனி அஃப்ஷா. போன பங்குனியில அக்கா வாசல்ல வந்து நின்னா. இருபத்தாறு வயசு. இடது கண்ணு முழுக்கச் செவப்பு, கழுத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. உல்லாஸ்நகர்ல இருந்து ஓடி வந்திருக்கா. புருசன் சுவர்ல வச்சு நெரிச்சிருக்கான், "தேடிப் பிடிச்சேன்னா அன்னைக்கே மவுத்து"ன்னும் சொல்லியிருக்கான். ரயில்லயே சிம்மைக் கழட்டி ஜன்னல் வழியா எறிஞ்சுட்டா. போன் மட்டும் கையில இருந்துச்சு. அக்கா ஒரு கேள்வியும் கேக்கல. நசீர் பாயோட தோல் பை ஒர்க்‌ஷாப்ல லைனிங் தைக்கிற வேலையில சேத்து, மேல் மாடியிலயே தங்கவும் வச்சா. வெளியே இறங்கவே மாட்டா. யார்ட்டயாவது பேசணும்னா எங்க வைஃபையிலதான் பேசணும். பட்டியல்ல அக்கா அவ பேரை எழுதல, 'நசீர் ஒர்க்‌ஷாப் 4'ன்னுதான் போட்டா. என்னைக் கூப்பிட்டு, "எலேய் மாரி, இவளைத் தேடி எவன் வந்தாலும் வாயைத் திறக்கப்படாது. திறந்தே, நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன்"ன்னா. செய்யக் கூடியவதான். அந்தப் புருசன் பேரு என்னன்னோ, ஆளு எப்பிடி இருப்பான்னோ நான் கேட்டுக்கல.

எங்களுக்கு இன்னொரு பேரும் இருந்துச்சு. தொலைஞ்ச போனைக் கண்டுபிடிச்சுக் குடுப்போம். தாராவியில திருட்டுப் போன் ஒரு கையில நிக்காது, நாலு கை மாறும். ஆனா யார் கையில இருந்தாலும் எங்க டப்பாவைப் பிடிக்கப் பாத்தா அந்தப் பன்னெண்டு எழுத்து காட்டிக் குடுத்துரும். ஆறு போன் அப்பிடிப் பிடிச்சோம். ஜனங்க என்னைக் கூப்பிட்டு வச்சு டீ வாங்கிக் குடுப்பாங்க. எனக்கும் கொஞ்சம் தலைக்கேறிப் போச்சு. போலீஸ்ல எழுதிக் குடுத்த கம்ப்ளைண்ட் காப்பி இல்லாம யாருக்கும் பாத்துச் சொல்லக் கூடாதுன்னு அக்கா கண்டிச்சு வச்சிருந்தா. சரி சரின்னு தலையாட்டிட்டு, தெரிஞ்சவன் வந்தா நான் பாத்துச் சொல்லுவேன்.

ஆவணியில ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு ஒரு டப்பா மாத்தப் போயிருந்தா. நான் ரூம்ல தனியா இருந்தேன். ஒருத்தன் வந்தான். நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. "அண்ணே, நீங்கதான் போன் கண்டுபிடிச்சுக் குடுக்கிற மாரியண்ணனா? நானும் நம்ம தின்னவேலிதான்"னான். அப்படியே குளுந்து போயிட்டேன். ரயில்ல அவன் உம்மாவோட போனை அடிச்சுட்டாங்களாம். உம்மா போய்ச் சேந்து ரெண்டு மாசமாம். அவுங்க குரல் அந்தப் போன்லதான் இருக்காம். சொல்லச் சொல்லக் கண்ணுல தண்ணி. சீட்டுல அந்தப் பன்னெண்டு எழுத்தும் எழுதி வச்சிருந்தான். போன் வாங்குனப்பவே அதோட செட்டிங்ல பாத்து எழுதி வச்சேன்னான்.

அவன் பொண்ணைக் கேட்டிருந்தா செருப்பைக் கழட்டி அடிச்சிருப்பேன். போனைக் கேட்டான். என் புத்தி எங்க மேயப் போச்சோ, தட்டிப் பாத்தேன். 'நசீர் ஒர்க்‌ஷாப் 4', ஏழாம் நம்பர் டப்பா. நசீர் பாய்ட்ட வேலை பாக்குற பயலுவள்ல எவனோ அடிச்சிருக்கான்னுதான் என் மண்டையில ஓடுச்சு, அந்தப் பேர்ல இருக்கிறது அஃப்ஷா போன்னு நினைப்பே வரல. "அண்ணே, ஏழாம் நம்பர் டப்பா. அந்தப் பச்சைத் தகரக் கதவு ஒர்க்‌ஷாப், மேல் மாடி"ன்னு கையை நீட்டி வேற காமிச்சேன். அவன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். "போலீஸோட வாரேன்ணே, அதுவரை யார்ட்டயும் சொல்லிராதீங்க"ன்னான். அவன் வாங்கிக் குடுத்த டீயையும் குடிச்சேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் நாலு மணி, கிரிக்கெட் மேட்சு கடைசி ஓவரை நெருங்கிட்டு இருக்கு. ஒர்க்‌ஷாப் எல்லாம் அடைப்பு. நசீர் பாய் குடும்பத்தோட வாஷிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டார். கல்லியில ஆளே கிடையாது, அத்தனை பேரும் உள்ள உக்காந்து மேட்சு பாக்கான். சுவிட்ச் சூடாகி மின்னிக்கிட்டு இருக்கு. ஏழாவது போனும் பிடிச்சுக் குடுத்த பெருமை எனக்கு அடங்கல. "அக்கா, ஒரு விசயம், ஏச மாட்டியே"ன்னு ஆரம்பிச்சு, நேத்து வந்தவனுக்குப் போன் இருக்கிற இடத்தைக் காட்டிக் குடுத்ததைச் சொன்னேன்.

"எலேய், எந்தப் போனு?"

"நசீர் ஒர்க்‌ஷாப் நாலு."

அக்கா மூஞ்சியில ரத்தமே இல்ல. "ஆளு எப்பிடி இருந்தான்? புருவத்துல தழும்பு இருந்துச்சா?"

இருந்துச்சு. சொல்லி முடிக்கல, செவிட்டுல விழுந்துச்சு ஒரு அடி. ஸ்டூலோட சுவர்ல போய் மோதிக் கீழ விழுந்தேன். "அவன்தாம்ல அம்மார்! அவ புருசன்! கொன்னுட்டியல பாவி, கொன்னுட்டியே"ன்னு கத்துதா.

அந்நேரம் பாத்து அக்கா போன் அடிச்சுது. அஃப்ஷா. "லாத்தா..."ன்னு ஒரு சத்தம், அக்காவை அவ கூப்பிடுற பேரு, அறுந்துச்சு. "கதவு..." மறுபடியும் அறுந்துச்சு. மேட்சு அத்தனை வழியையும் அடைச்சுக்கிட்டு நிக்கு. பேச்சுக்குத்தான் முதல் இடம்னு எழுதி வச்சிருந்தாலும் அன்னைக்கு இருந்த நெரிசலுக்கு அது பத்தல. அக்கா கீபோர்டை இழுத்தா. எல்லாத்துக்கும் மேல ஒரே வரி, அஃப்ஷா போனுக்கு மட்டும். தட்டுன உடனே சத்தம் தெளிஞ்சுது. கேக்காமலே இருந்திருக்கலாம். தகரத்துல சுத்தியல் விழுது. அவன் குரல், கூட இன்னும் ரெண்டு பேரு. அஃப்ஷா தையல் மிஷினைக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு முதுகால தாங்கிக்கிட்டு நிக்காளாம். "வந்துருங்க லாத்தா, வந்துருங்க லாத்தா"ங்கா. ஒவ்வொரு அடிக்கும் அவ மூச்சு தெறிக்குது.

அக்கா என் போனைப் பிடுங்கிப் போலீஸுக்குப் பேசுனா. வண்டி அனுப்புறோம்னாங்க. ஆனா எங்க கல்லிக்குள்ள வண்டி நுழையாது, ரோட்டுல விட்டுட்டு நடந்து வரணும். நான் இரும்புக் கம்பியை எடுத்துக்கிட்டு ஓடப் போனேன். அக்கா சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தா. "ரெண்டு பேர் போனா ரெண்டு பொணம் விழும், அவளோட சேத்து மூணு. ஒரு நிமிசம் நில்லு"ன்னு சொல்லிட்டுத் திரும்பவும் சுவிட்சுல உக்காந்தா. எனக்குக் கோட்டி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அங்க ஒருத்தி சாகுதா, இவ தட்டிக்கிட்டு இருக்காளேன்னு வாய்விட்டு ஏசினேன்.

மூணே வரி எழுதுனா. அஃப்ஷா போனை விடு. அக்கா போனை விடு. மூணாவது, மத்த எவனையும் விடாதே. எண்டர் அடிச்சா.

அறுநூறு போன், அத்தனை டிவி, ஒரே நேரத்துல நின்னுச்சு. தகரச் சுவருக்கு நடுவுல மொபைல் சிக்னல்ல பேசத்தான் முடியும், மேட்சு ஓடாது. ஒரு மூச்சு நேரம் கல்லியே கப்சிப். அப்புறம் கிளம்புச்சு பாருங்க ஒரு சத்தம். கதவு ஒவ்வொண்ணா திறக்குது. உலக்கை, ஹாக்கி மட்டை, வெட்டுற கத்திரி, செருப்பு. எல்லாருக்கும் முன்னால வெயிலுமுத்து அண்ணாச்சி, கையில கிரிக்கெட் பேட்டு. வாசல்ல நின்னது நான்தானே. ஒண்ணும் கேக்கல, சாத்துனாங்க. பேட்டு தோள்ல விழுந்துச்சு, எவனோ வயித்துல மிதிச்சான், உதடு கிழிஞ்சு வாயெல்லாம் உப்பு. நான் தடுக்கவே இல்ல. அடிங்கடா, இன்னும் அடிங்கடான்னு உள்ளுக்குள்ள கேட்டுச்சு.

அக்கா மேல் படியில ஏறி நின்னு தொண்டை கிழியக் கத்துனா. "அவனை விடுங்க! நெட்டை அறுத்தவன் நசீர் பாய் ஒர்க்‌ஷாப்புல நிக்கான்! மூணு பேரு! ஓடிரப் போறான்!"

பொய்தான். ஆனா 'ஒரு பொண்ணை அடிக்கான், வாங்க'ன்னு கத்தியிருந்தா எத்தனை பேர் வந்திருப்பான்? புருசன் பொண்டாட்டி விவகாரம்னு வாசல்லயே நின்னு எட்டிப் பாத்திருப்பான். அக்காவை பெல்ட்டால அடிச்ச ஏழு மாசமும் அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் ஆளுக குடியிருந்தாங்க, ஒருத்தரும் வரல. அதை அக்கா மறக்கல. கிரிக்கெட்டை அறுத்தான்னு சொன்னதும் அறுபது பேர் பறந்தான்.

நான் விழுந்து எழும்பி ஓடி அங்க போறதுக்குள்ள கதவு உள்ள சாஞ்சு கிடந்துச்சு. அம்மார் அஃப்ஷாவை முடியைப் பிடிச்சு மிஷின் மேல சாய்ச்சு வச்சிருந்தான். அவ இடது கையை மிஷின் பலகையில வச்சு அமுக்கிச் சுத்தியலால ரெண்டு தடவை அடிச்சிருக்கான். மூணாவது தடவை ஓங்குனது தலைக்கு. எங்க கண்ணு முன்னால ஓங்குனான். அண்ணாச்சி பேட்டை எறிஞ்சார், அவன் முழங்கையில பட்டுச் சுத்தியல் தெறிச்சு விழுந்துச்சு. அவ கை அப்ப இருந்த கோலத்தைச் சொல்ல எனக்கு வாய் வரல. போன் தரையில கிடந்துச்சு, லைன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

அந்தப் பிள்ளையைப் பாத்த பிறகு நெட்டை எவனும் நினைக்கல. மூணு பேரையும் இரும்புப் படி வழியா இழுத்துக் கீழ போட்டாங்க. ஹாக்கி மட்டை ஒண்ணு ரெண்டா ஒடிஞ்சுது. அம்மார் "என் பொண்டாட்டி, என் வீட்டு விசயம்"னு சொல்லிப் பாத்தான். அண்ணாச்சி அவன் வாயிலயே மிதிச்சார். அக்காவும் அடிச்சா. முட்டி போட்டு உக்காந்து, கை ஓயிற வரைக்கும் அடிச்சா. அப்புறம் திடீர்னு எந்திரிச்சு, அவன் மேல குறுக்க நின்னுக்கிட்டு, "போதும்! இவன் செத்தா கேஸு அவ தலையில விடியும். போதும்னா போதும்"னு எல்லாரையும் பிடிச்சுத் தள்ளுனா. ரெண்டு அடி அவ மேலயும் விழுந்துச்சு. போலீஸ் நடந்து வந்து சேரும்போது அவனுக்கு மூச்சு இருந்துச்சு. அதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

அஃப்ஷாவுக்கு ரெண்டு ஆபரேசன். மூணு விரல் இனி மடங்காது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்துல நின்னு, "தங்கச்சி, அவனுக்கு இடத்தைச் சொன்னது நான்தான்"னேன். அக்கா எதையும் அவகிட்ட சொல்லியிருக்கல. எனக்கு மறைக்க முடியல. அவ "எனக்குத் தூக்கம் வருதுண்ணே"ன்னு சொல்லிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் வராண்டாவுல உக்காந்து அழுதேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கே அக்கா அவளை எங்கயோ கொண்டு போய் விட்டா. திரும்பி வந்ததும் சுவிட்சுல உக்காந்து அந்த 'நசீர் ஒர்க்‌ஷாப் 4' வரியை அழிச்சா. அப்புறம் என் பாஸ்வேர்டையும் அழிச்சா. நான் பக்கத்துலதான் நிக்கேன்.

"அக்கா, ஒம்பது வருசம் ஆச்சு"ன்னேன்.

"ஆச்சு. ஏணி உன்னுது, வயர் உன்னுது. பட்டியலை இனி நீ பாக்கக் கூடாது. அவ எங்க இருக்கான்னும் கேக்காதே"ன்னா. "தப்பு உன்னுது மட்டும் இல்ல. உண்மை அட்ரஸைக் காட்டுன்னு அவ போன்ல மாத்தி வச்சது நான். அதுக்குத்தான் இப்ப என் போன்லயும் அவ புது நம்பரை வச்சுக்கல"ன்னா. எனக்கு அவமானமா இருந்துச்சு. கோவமும் வந்துச்சு. ரெண்டு நாள் வேலைக்குப் போகல. மூணாவது நாள் ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன், வேற எங்க போக?

அம்மார் அஞ்சு மாசத்துல ஜாமீன்ல வந்துட்டான். ஒரு நாள் காலையில பதினோரு மணிக்கு, லேபர் கேம்ப் பின்பக்கம் நான் தனியா வயர் இழுத்துக்கிட்டு இருந்தேன். கீழ இருந்து ஏணியை உருவிட்டான். விழுந்ததுல இடுப்பு நகரல. கூட ஒருத்தன் காலைப் பிடிச்சுக்கிட்டான். என் கிரிம்பரையே எடுத்து என் சுண்டு விரலை அதுக்குள்ள வச்சான்.

"எங்கண்ணே இருக்கா?"ன்னான். அப்பவும் அண்ணேன்னுதான் கூப்பிட்டான்.

நெசத்தைச் சொல்லுதேன். நான் வீரன் கிடையாது. எலும்பு நொறுங்குற சத்தம் என் காதுலயே கேட்டுச்சு. அல்லாவையும் கூப்பிட்டேன், சுடலைமாடனையும் கூப்பிட்டேன். அடுத்த விரலை வச்சப்ப, சொல்லிருவோம்னு வாயைத் திறந்துட்டேன். மண்டையைப் போட்டு உருட்டித் தேடுதேன், ஒரு ஊர்ப் பேரு, ஒரு ஸ்டேசன் பேரு, ஏதாச்சும் இருக்கான்னு. தெரிஞ்சிருந்தா அந்த நிமிசமே சொல்லியிருப்பேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது.